மலை ஏறுமுன் மூட்டையை நிறுப்போம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டு விழா மேடையில் மொழியைப் பற்றியும் இலக்கியத்தைப் பற்றியும் பேசுவதே வழக்கம். இவ்வாண்டு எங்களுக்கு அளிக்கப்பட்ட பொருளோ முதுகுச் சுமை. இரவு தங்கிவரும் மலைப் பயணத்திற்கு மூட்டையின் எடையையும் பருமையையும் எவ்வாறு குறைப்பது என்பதே அது. அகத்தியர்கூடத்திற்கு இருமுறை சென்று மீண்ட பத்துப் பேரின் சார்பில் இங்கு நிற்கின்றோம். முதல்முறை செய்த பிழையையும் மறுமுறை அதனைத் திருத்திக்கொண்ட முறையையும் ஒளிவுமறைவின்றிக் கூறுவதே எங்கள் கடமை எனக் கருதுகின்றோம்.

அகத்தியர்கூடம் நமக்கு வேற்றிடம் அன்று. தமிழ் முனிவர் உறைந்ததாக நம் முன்னோர் போற்றிய பொதிகை மலையின் முடியே அது. தாமிரவருணி தோன்றுவதும் அம்மலைத் தொடரிலேயே. கேரளத்திற்கும் தமிழகத்திற்கும் எல்லையாக 1,868 மீட்டர் உயரத்தில் அம்முடி நிற்கின்றது. கொச்சியிலிருந்து திருவனந்தபுரம் சென்று, விதுரை வழியாகப் போனக்காடு என்னும் தேயிலைத் தோட்டப் பகுதியை அடைந்து, அங்கிருந்து நடத்தல் வேண்டும். முதல் நாள் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் காட்டுவழி நடந்தால் அதிருமலை முகாம். மறுநாள் அங்கிருந்து ஏறக்குறைய 6 கிலோமீட்டர் ஏறினால் முடி. மூன்றாம் நாள் திரும்புதல். வனத்துறையின் அனுமதியின்றி எவரும் செல்ல இயலாது. கேரள உயர்நீதிமன்றத்தின் தீர்ப்புக்குப் பின், 2019 சனவரி முதல் பெண்களும் முடிவரை செல்கின்றனர். ஆதலின் எங்கள் பத்துப் பேரில் மூவர் பெண்மக்கள்.

முதல் பயணத்திற்கு நான்கு வீட்டார் புறப்பட்டோம். ஒவ்வொரு வீட்டிலும் தாய்மார்கள் இரண்டு நாள் முன்னரே அடுப்பை மூட்டிவிட்டார்கள். புளிச்சோறு, தயிர்ச்சோறு, முறுக்கு, ஊறுகாய் எனப் பாத்திரங்கள் நிறைந்தன. குளிருக்கு ஆளுக்கொரு கம்பளி. தரை குளிருமே என்று சமுக்காளம். கழுத்து வலிக்குமே என்று தலையணை. பிழைக்க வந்த ஊரில் எது கிடைக்கும், எது கிடைக்காது என்று அறியாமல் அரிசி முதல் அம்மிக்கல் வரை சுமந்து வந்த குடும்பங்கள் நம்முடையவை. சொந்த ஊருக்குச் சென்று வரும்போதும் பத்து மூட்டை இல்லாமல் நாம் தொடர்வண்டியில் ஏறியதில்லை. அவ்வழக்கத்தைப் பழிக்க எங்களுக்கு நா எழவில்லை. அன்புதான் மூட்டையாக மாறியது. ஆயினும் மலைக்கு அன்பும் தெரியாது, அம்மியும் தெரியாது. அதற்குத் தெரிந்தது எடை ஒன்றே.

போனக்காட்டுச் சோதனைச் சாவடியிலேயே முதற்பாடம் கிடைத்தது. காட்டினுள் தீ மூட்டவும் சமைக்கவும் தடை. நாங்கள் கொண்டுசென்ற அடுப்பும் அதற்குரிய பாத்திரங்களும் அங்கேயே தங்கிவிட்டன. விதிகளை முன்னரே படித்திருந்தால் கொச்சியிலிருந்து அவற்றைச் சுமந்து வந்திருக்கமாட்டோம். அதிருமலை முகாமில் விலைக்கு உணவு கிடைக்கும் என்பதும் அங்குச் சென்ற பின்னரே எங்களுக்குத் தெரிந்தது.

முற்பகலில் வழி நிழலாகவே இருந்தது. ஓடைகளைக் கடந்தோம், பாடிக்கொண்டே நடந்தோம். பிற்பகலில், முகாமை அடையுமுன், முட்டிடிச்சான்தேரி என்னும் ஏற்றம் எதிர்ப்பட்டது. ஏறுவோரின் முழங்கால் உடம்பில் முட்டும் அளவிற்குச் செங்குத்தானது ஆதலின் அப்பெயர். அங்கே எங்களுடன் வந்த பெரியவர் ஒருவர் பாறைமீது அமர்ந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. அவர் உடலின் எடை 56 கிலோ. அவர் முதுகிலிருந்த பை 14 கிலோ. தம் எடையில் நான்கில் ஒரு பங்கைச் சுமந்து அவர் காலை முதல் நடந்திருக்கின்றார். எங்களில் வலிமை மிக்க தம்பி ஒருவர், “நீங்கள் சும்மா நடந்து வாருங்கள், ஐயா” என்று கூறி அப்பையையும் தம் தோளில் ஏற்றுக்கொண்டார். அவர் பை 13 கிலோ. இரண்டும் சேர்ந்து 27.

ஏற்றத்தில் அவர் தளரவில்லை. மூன்றாம் நாள் இறக்கத்தில்தான் துன்பம் நேர்ந்தது. அன்றும் இரு பைகளையும் அவரே வாங்கிக்கொண்டார். ஈரமான வேரொன்றில் கால் வழுக்க, சுமை ஒருபுறம் சாய, கணுக்கால் மடங்கி விழுந்தார். வழிகாட்டிகளும் நாங்களும் மாறிமாறித் தாங்கி அவரைச் சாலைக்குக் கொண்டுவந்து சேர்த்தபோது இருட்டிவிட்டது. எலும்பில் விரிசல் என்றார் மருத்துவர். அத்தம்பி நாட்கூலிக்கு வேலை செய்பவர். இரண்டு மாதம் வேலையில்லை, கூலியில்லை. வீட்டில் தாயாரும் படிக்கும் தங்கையும். நம் காலனியார் கைகொடுத்தோம் என்பது உண்மை. ஆயினும் அந்த இரண்டு மாதக் கூலியைத் தின்றது எது என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும் அல்லவா?

அதனை எண்ணிப் பார்க்கவே, திரும்பி வந்த மறு ஞாயிறன்று, மட்டாஞ்சேரிப் பண்டகசாலை ஒன்றின் தராசில் பத்துப் பைகளையும் சென்றபடியே கட்டி வைத்து நிறுத்தோம். மொத்தம் 121 கிலோ. பின்னர் அவிழ்த்து, மூன்று நாளில் ஒருமுறையேனும் கையால் தொடாத பொருள்களைத் தனியே குவித்தோம். அக்குவியல் மட்டும் 46 கிலோ. பெரியவரின் பையிலிருந்து இரண்டு சமுக்காளம், ஒரு தலையணை, பித்தளைக் கூசா, கண்ணாடிப் புட்டியில் ஊறுகாய், நான்கு வேட்டி வெளிவந்தன. தம்பியின் கால் ஒடிந்தது இவற்றிற்காக. அன்று அத்தராசின் முன் எவரும் பேசவில்லை.

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் வாழும் நமக்குச் சுமை புதிதன்று. மிளகு மூட்டையையும் சுக்கு மூட்டையையும் தலையில் தூக்கும் தொழிலாளரை நாள்தோறும் காண்கின்றோம். ஒருவர் கையால் தூக்கும் சுமை 55 கிலோவிற்கு மிகலாகாது என்று அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் பரிந்துரைத்தது. ‘அவ்வளவு தூக்குபவர்களுக்கு 14 கிலோ ஒரு சுமையா?’ என்று கேட்கலாம். வண்டியிலிருந்து பண்டகசாலைக்குச் சில அடிகள் தூக்குவது வேறு. காலை முதல் மாலை வரை கல்லிலும் வேரிலும் சுமந்து நடப்பது வேறு. ஓர் அடிக்கு 70 சென்டிமீட்டர் என்று கொண்டால் 14 கிலோமீட்டருக்கு 20,000 அடிகள். பையில் ஒரு கிலோ மிகையாக இருப்பின் அதனை 20,000 முறை தூக்கி வைக்கின்றோம். மலைநடைப் பயிற்சியுடையோர் பொதுவாகக் கொள்ளும் கணக்கு, உடலெடையில் ஐந்தில் ஒரு பங்கே மேலெல்லை என்பது. அதுவும் எல்லைதான், இலக்கு அன்று.

திருவிதாங்கூர் மன்னரின் வான்நோக்குக் கூடத்திற்குப் பொறுப்பாயிருந்த ஜான் ஆலன் பிரௌன் என்னும் அறிஞர் 1855-இல் இதே முடியில் ஓர் ஆய்வுக்கூடமே அமைத்தார். அவருக்கு அரசரின் ஆதரவு இருந்தது. சுமக்க ஆட்களும் இருந்தனர். நமக்கோ நம் முதுகன்றி வேறில்லை. ஆதலின் நாம் மறுமுறை எவ்வாறு மூட்டை கட்டினோம் என்பதை இனிக் கூறுகின்றோம்.

முதற்கண் நிறுத்தல். ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே நிறுத்துத் தாளில் எழுதினோம். பல் துலக்கும் தூரிகையின் காம்பை வெட்டிச் சுமை குறைப்போர் உண்டு. அதனால் குறைவது சில கிராம். பெரிய பொருளிலிருந்து தொடங்குவதே அறிவுடைமை. பை, படுக்கை, உடை ஆகிய மூன்றிலேயே பாதிச் சுமை அடங்கியிருக்கும். எங்கள் பழைய பைகளில் ஒன்று, ஒன்றும் வைக்காமலேயே இரண்டரைக் கிலோ இருந்தது. சமுக்காளத்திற்குப் பதில் மெல்லிய பாயும் இலேசான போர்வையும் கொண்டோம். தலையணை வேண்டாம், மாற்றுடையைச் சுருட்டித் துணிப்பையில் இட்டால் அதுவே தலையணை. முகாமில் கூரை உண்டாதலின் கூடாரம் தேவைப்படவில்லை. கூடாரம் வேண்டிய இடமாயின் அதன் துணியை ஒருவரும் கம்புகளை ஒருவருமாகப் பங்கிட்டுச் சுமக்கலாம்.

இரண்டாவது நீர். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. முதல்முறை ஆளுக்கு மூன்று லிட்டர் சுமந்து, வழியிலுள்ள ஓடைகளையெல்லாம் தாண்டிச் சென்றோம்! மறுமுறை ஒரு லிட்டர் மட்டும் சுமந்தோம். ஓடைகளில் நிரப்பி, குளோரின் மாத்திரை இட்டு, அதன் உறையில் குறித்த நேரம் வரை வைத்திருந்து பருகினோம். கண்ணுக்குத் தெரியாமல் நாம் சுமந்த நீர் இன்னொன்றும் உண்டு. சோற்றின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு நீரே. மூன்று கிலோ புளிச்சோறு கட்டினால் அதில் இரண்டு கிலோ நீர். அவல், வறுத்த நிலக்கடலை, வெல்லம், பொரிவிளங்காய் உருண்டை ஆகியவை நீரற்றவை; கெடுவதும் இல்லை. நம் பாட்டிமார் நெடுவழிக்குக் கட்டிக்கொடுத்தவை இவைதாம். தாய்மார்களே, உங்கள் கைப்பக்குவத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. உருண்டையில் காட்டுங்கள் என்றே வேண்டுகின்றோம்.

மூன்றாவது துணி. கோட்டைக் கொச்சி டோபி கானாவில் தலைமுறை தலைமுறையாக வெளுக்கும் நம் தமிழ் மக்களைக் கேளுங்கள். நனைந்த பருத்தி எவ்வளவு கனக்கும், எவ்வளவு மெதுவாக உலரும் என்பதை அவர்களின் கைகள் அறியும். வியர்வையிலும் மழையிலும் நனைந்த பருத்தி, குளிரிரவில் உடலின் சூட்டை உறிஞ்சிவிடும். ஆதலின் நடப்பதற்கு விரைவில் உலரும் செயற்கை இழை உடை ஒன்று. உறங்குவதற்கு உலர்ந்த உடை ஒன்று. குளிருக்கு ஒரு மேலாடை. அவ்வளவே. தடித்த பூந்துவாலைக்கு மாறாக ஈரிழைத் துண்டு போதும்; இங்குள்ளோர் தோர்த்து என்று வழங்குவதும் அதுவே. எடையும் குறைவு, பாறையில் விரித்தால் விரைவில் உலரும்.

நான்காவது பருமை. எடை வேறு, பருமை வேறு. ஒரு கிலோ பொரி ஒரு சாக்கை நிரப்பும். ஒரு கிலோ வெல்லம் இரு கைக்குள் அடங்கும். பருத்த பை கிளைகளில் மாட்டும். குறுகிய பாறை வழியில் நிலை தடுமாறச் செய்யும். வெளியே தொங்கவிட்ட செம்பும் செருப்பும் ஆடிஆடி நடையைக் கெடுக்கும். ஆதலின் எல்லாம் பைக்குள். போர்வையும் உறக்க உடையும் அடியில், கனமானவை நடுவில், முதுகை ஒட்டி, மழைச்சட்டை மேலே. சிறியதைப் பெரியதற்குள் வைத்தல் வேண்டும். குவளைக்குள் மருந்தும், மருந்துப்பெட்டியின் இடுக்கில் தீக்காயக் களிம்பும் அடங்கும். இடுப்புப் பட்டையை இறுக்கினால் தோளின் பாரம் இடுப்பெலும்புக்கு இறங்கும். முடிக்கு ஏறும் இரண்டாம் நாள், நீரும் உருண்டையும் மழைச்சட்டையும் மருந்தும் மட்டும் கொண்டு, மற்றவற்றை முகாமிலேயே விட்டுச் செல்லலாம்.

ஐந்தாவதே தலையாயது. முதல் பயணத்தில் நான்கு வீட்டாரும் நான்கு மருந்துப்பெட்டி, நான்கு சவர்க்காரப் பெட்டி, நான்கு கத்தி, நான்கு ஊறுகாய்ப் புட்டி கொண்டுவந்தோம். ஏன்? ‘அவர்களிடம் இருக்குமோ, கேட்டால் என்ன நினைப்பார்களோ’ என்ற தயக்கம். ஒரே சுவரின் இருபுறம் வாழும் நாம் ஒருவரையொருவர் கேட்கக் கூசினோம். மறுமுறை முந்திய ஞாயிறன்று கூடியமர்ந்து ஒரே பட்டியல் எழுதினோம். மருந்து ஒரு வீட்டார். கத்தியும் கயிறும் ஒரு வீட்டார். நீர் மாத்திரையும் உப்பும் ஒரு வீட்டார். உருண்டைகள் ஒரு வீட்டார். எந்த விலையுயர்ந்த பொருளையும் வாங்காமல், இவ்வொன்றினாலேயே பெருஞ்சுமை குறைந்தது. கேட்கக் கூசியதையே நாங்கள் முதல்முறை முதுகில் சுமந்தோம் என்பது அப்போது விளங்கிற்று.

குறைக்கக் கூடாதவையும் உள. கைவிளக்கு ஆளுக்கொன்று, மழைச்சட்டை ஆளுக்கொன்று, உலர்ந்த உடை, நாள்தோறும் உண்ணும் மருந்து, அட்டைக்கு உப்பு ஆகியவற்றை எவரும் விட்டுவிடலாகாது. நீருக்கு நாங்கள் எஃகுப் புட்டியே கொண்டோம். பிளாஸ்டிக் புட்டி அதனினும் இலேசுதான். ஆனால் பிளாஸ்டிக்கிற்கு அக்காட்டில் தடையுண்டு. நம் முதுகின் நலத்தினும் காட்டின் நலம் பெரிது. உணவையும் வாழையிலையிலும் துணியிலுமே பொதிந்தோம்.

இறுதியில் ஒருவர் பையின் கணக்கு இவ்வாறு அமைந்தது: பை 900 கிராம், பாயும் போர்வையும் 1,100, உடை 1,000, மழைச்சட்டை 350, விளக்கு, மருந்து, துண்டு முதலியன 500, எஃகுப் புட்டி 350, நீர் 1,000, உணவு 800. ஆக 6 கிலோ. பத்துப் பைகளும் சேர்ந்து 63 கிலோ. முன்னைய சுமையில் ஏறக்குறையப் பாதி.

‘இதற்கெல்லாம் வெளிநாட்டுப் பொருள்கள் வேண்டாவோ?’ என்று இளைஞர்கள் கேட்கின்றனர். அமெரிக்காவில் எம்மா கேட்வுட் என்னும் மூதாட்டி, பதினொரு மக்களைப் பெற்று வளர்த்தவர், 1955-இல் தமது 67-ஆம் அகவையில், அப்பலாச்சியன் மலைவழியின் ஏறத்தாழ 3,300 கிலோமீட்டரையும் 146 நாளில் தனியே நடந்து முடித்தார். அவர் தோளில் இருந்தது தம் கையால் தைத்த ஒரு துணிப்பை. கூடாரம் இல்லை, மழைக்கு ஒரு நெகிழித் திரை. காலில் எளிய துணிக்காலணி. அவர் துணிவு எல்லார்க்கும் ஏற்றதன்று. ஆயினும் இலேசாகச் செல்வதற்குச் செல்வம் தேவையில்லை என்பதற்கு அவர் சான்று.

அவ்வளவு தொலைவு போகவும் வேண்டா. 1987-இல் அகத்தியர் மலைப்பகுதியில் ஆய்வு செய்த அறிஞர்கள் நடந்து களைத்தபோது, உடன்வந்த காணி மக்கள் மட்டும் களைப்பின்றி நடந்தனர். அவர்கள் வழியில் ஒரு செடியின் காயைத் தின்றுகொண்டே வந்தார்கள். ஆரோக்கியப்பச்சை எனப்படும் அச்செடியிலிருந்து பின்னர் ஜீவனி என்னும் மருந்து உருவாயிற்று. அம்மலையில் நாம் எதனையும் பறித்தல் கூடாது. அறியாத காயை உண்ணவும் கூடாது. எனினும் காட்டை அறிந்தவர் மூட்டை சிறிது என்பதை அவர்களிடம் கண்டோம். அறியாமைக்கு ஈடாகவே நாம் பொருளைச் சுமக்கின்றோம்.

மறு பயணத்திலும் அப்பெரியவர் வந்தார். அவர் பையை 5 கிலோவிற்கு இறக்கினோம். முட்டிடிச்சான்தேரியில் அவர் இருமுறை நின்றார், அமரவில்லை. கால் ஆறிய தம்பியும் வந்தார். ஏற்றத்தின் அடியில் பழக்கத்தால் பெரியவரின் பைக்குக் கை நீட்டினார். பெரியவர் புன்னகையுடன், “வேண்டாம், தம்பி. இந்த முறை என் மூட்டை என்னோடு இருக்கட்டும்” என்றார். நாங்கள் கீழே இறங்கி வந்தபோது பத்துப் பேரும் தம் காலால் நடந்தே வந்தோம். இதைவிடப் பெரிய வெற்றியை நாங்கள் வேண்டவில்லை.

பெற்றோருக்கு ஒரு சொல். அகத்தியர்கூடத்திற்குச் சிறு பிள்ளைகளை அழைத்துச் செல்லுதல் இயலாது. ஆயினும் பிற பயணங்களில் அவர்களும் தம் பையைத் தாமே சுமக்க விரும்புவர். பள்ளிப்பை பிள்ளையின் உடலெடையில் பத்தில் ஒரு பங்கிற்கு மேற்படலாகாது என்று 2020-இல் வகுத்த பள்ளிப்பைக் கொள்கை கூறுகின்றது. அவ்வளவையே மலைவழிக்கும் கொள்ளுங்கள். 30 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 3 கிலோ. குறைந்தால் நன்று.

அடுத்த பருவத்திற்கு வர விரும்புவோர் பெயர் கொடுக்கலாம். புறப்படுவதற்கு முந்திய ஞாயிறு மாலை, கட்டிய பையுடன் சங்கக் கூடத்திற்கு வருதல் வேண்டும். தராசு அங்கே இருக்கும். அவிழ்த்து, நிறுத்து, பங்கிட்டு, மீண்டும் கட்டுவோம். எவர் பையில் என்ன இருக்கின்றது என்று நகைப்பதற்காக அன்று; எவர் தோளிலும் பிறர் சுமை ஏறாதிருப்பதற்காக. ஒருவர் குறைக்க மறுத்த சுமை, வழியில் எங்கோ ஓரிடத்தில், இன்னொருவர் தோளுக்கு மாறியே தீரும் என்பதை நாங்கள் கண்ணாரக் கண்டவர்கள்.